பிடியைப் பார்த்த பல்

எங்க வூட்டுக்காரர் ரம்பம் பண்ணுவார்னு திருத்தணியில எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பல் ராவுறது நான்தான்னு அந்தக் காலத்துல ஒருத்தருக்கும் தெரியாது. தகட்டை உலையில காய்ச்சி, இலுப்பெண்ணெயில தோய்ச்சி, கோணல் போகத் தட்டுறது அவர் வேலை. அப்புறம் விளிம்புல ஆணியால சாய்வா கோடு போட்டு என்கிட்ட நீட்டுவார். முக்கோண அரத்தை எடுத்துக்கினு நான் உக்காருவேன். ஒரு பல்லை இந்தப் பக்கம், அடுத்ததை அந்தப் பக்கம்னு சாய்ச்சு முடிக்கிறதுக்குள்ள விரல் நுனியெல்லாம் தேஞ்சுபோவும். ஆனா அந்த வேலைன்னா எனக்கு உசுரு. சோறு யாரு வேணா ஆக்கலாம். என்னை மாதிரி அரம் புடிக்க எங்க தெருவுல ஆளில்ல, ஆமா.

சண்டைக் காலம் வந்துச்சு. இரும்பு எங்கயும் கெடைக்கல, உலை அணைஞ்சே கெடந்தது. அப்பதான் ஸ்டேஷன் பக்கத்துல பட்டாளத்துக்கு மரப்பெட்டி அடிக்கிற டிப்போ ஒண்ணு வந்தது. அந்த டிப்போ மேஸ்திரி எங்க வூட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு எஃகுத் தகட்டைக் குடுத்து, "மாதிரிக்கு ஒரு ரம்பம் பண்ணிக் கொண்டா. புடிச்சிருந்தா தகடு நாங்களே குடுத்துகினு இருப்போம்"னான். எங்க பொழைப்பே அந்த ஒரு ரம்பத்தை நம்பிக்கினு நின்னது.

அடுப்புக்கு மரத்தூள் அள்ள நான் டிப்போவுக்குப் போவேன். நம்ம ஆசாரிங்க தரையில குந்தி, மரத்தைக் காலால மிதிச்சுகினு, தன் பக்கமா இழுத்து அறுப்பாங்க. அதுக்குத் தோதா பல்லெல்லாம் பிடியைப் பார்த்து இருக்கும். டிப்போவுல அப்படி இல்ல. உசரமான மேசை போட்டு, நின்னுகினு, முன்னால தள்ளி அறுத்தாங்க. பிடியைப் பார்த்த பல்லு தள்ளினா கவ்வாதே!

ஓடிவந்து சொன்னேன். "ஏங்க, அங்க தள்ளி அறுக்கிறாங்க. பல்லை முனையைப் பார்த்து வெச்சிடலாமா?"

"எங்க நைனா காலத்துலருந்து பல்லு பிடியைத்தான் பார்க்கும். தூள் அள்ளப் போனவ எனக்குத் தொழில் சொல்லித்தரியா? கோட்டு மேல ராவு, போதும்."

ராவினேன். வேற என்ன பண்றது? ஆத்திரத்தையெல்லாம் அரத்துல காட்டினேன். அதைவிட சுத்தமா நான் எந்த ரம்பத்தையும் ராவினதில்ல.

அவர் அதைக் கொண்டுபோன அன்னிக்கு நானும் தூள் கூடையோட அங்கதான் நின்னேன். ஒரு ஆள் மரத்துல வெச்சுத் தள்ளினான். பல்லு கவ்வல, தகடு வளைஞ்சு நின்னுபோச்சு. மேஸ்திரி சிரிச்சுட்டான். "இன்னாய்யா, பல்லு பின்னால பார்க்குது?" கோவமே இல்ல அவனுக்கு. மாத்தித் தரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னொரு தகடு குடுத்திருப்பான். எங்க வூட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். "என் பொஞ்சாதி ராவினது. மாத்தி வெச்சுட்டா"ன்னார்.

மேஸ்திரி சிரிப்பு நின்னுபோச்சு. "பொம்பளை ராவின ரம்பமா? அதையா பட்டாளத்து வேலைக்குக் கொண்டாந்த? எடுத்துகினு போய்யா!"

நான் கூடையைத் தலையில வெச்சுகினு வந்துட்டேன்.

பட்டறையை மூடினோம். அவர் அரக்கோணத்துக்கு மூட்டை தூக்கப் போனார், நான் திருவாலங்காட்டுக்குக் கரும்பு வெட்டப் போனேன். ராவத் தெரியாம குடும்பத்தைக் கவுத்தவ நான்னு தெருவே பேசிச்சு. அவரும் அதைக் கேட்டுகினே போவார். சண்டை முடிஞ்சு, இரும்பு திரும்பக் கெடைச்சு, உலையை மூட்டினோம். ஆசையா அரத்தை எடுத்தேன். பிடுங்கிக்கினார். "நீ கெடுத்தது போதும்"னார். சொன்ன பொய்யை அவரே நம்பிட்டாரே, பாவி மனுஷன்! அதுக்கப்புறம் நான் அரத்தைத் தொடவேயில்ல.

ரொம்ப வருஷம் கழிச்சு அவர் போனப்போ, பாடைக்கு மூங்கில் அறுக்க ரம்பம் கேட்டாங்க. சுவத்துல மாட்டியிருந்த அந்த டிப்போ ரம்பத்தை எம்புள்ள எடுத்துக் குடுத்தான். அறுத்தவர் தரையில குந்தி இழுத்தார். "அடேயப்பா, வெண்ணெயா எறங்குதே! யார் பண்ணதுப்பா?"

"எங்க நைனா"ன்னு எம்புள்ள தேம்பினான். "அவர் கைவாகே தனி."

தலைமாட்டுல உக்காந்து அழுதுகினு இருந்த எனக்கு அழுகை நின்னுபோச்சு. "பல்லு நான் ராவினதுடா"ன்னேன், எல்லாருக்கும் கேக்குற மாதிரி.

எம்புள்ள கண்ணைத் தொடைச்சுகினு பொம்பளைங்களைப் பார்த்தான். "அம்மா துக்கத்துல என்னமோ ஒளறுது. உள்ள கூட்டிக்கினு போங்க."