அகத்தியைச் சொன்னேன், வெற்றிலையைச் சொல்லவில்லை

பரமத்தி வேலூர் பக்கம் எங்களுக்கு வெற்றிலைத் தோட்டம். கொடிகள் அகத்தி மரங்களில்தான் படர்ந்திருக்கும். சென்ற மாதம் புழு விழுந்து, நாற்பத்தாறு அகத்திகள் மொட்டையாகத் தொடங்கின. நிழல் போனால் கொடி கருகிவிடும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கைப்பேசியில் ஏஐயிடம், "அகத்தி மரத்தில் புழு. உடனே சாக என்ன மருந்து?" என்று கேட்டேன். காட்டமான மருந்து ஒன்றைச் சொன்னது. வாங்கி வந்தேன். வழக்கம்போல ஒரு வெற்றிலையைக் கிள்ளி மென்றுகொண்டே மருந்து டேங்கை எடுத்தேன்.

"ஏனுங்க, வாயில மெல்லற எலை மேலயேவா மருந்தடிக்கப் போறீங்க? நாளைக்குக் கிள்ள ஆளு வருதுங்களே" என்றாள் மனைவி.

"கொடியே போனா என்னத்தக் கிள்றது?" என்று கத்தினேன். ஆனால் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினேன். டேங்கை இறக்கிவிட்டு, ஏஐயிடம் மறுபடி கேட்டேன். அகத்தியில் வெற்றிலைக் கொடி இருக்கிறது, இலையைப் பச்சையாக மெல்வார்கள், நாளை பறிப்பு என்று எல்லாவற்றையும் எழுதினேன். அந்த மருந்தை அடிக்கவே கூடாது என்று பதில் வந்தது.

புழுக்களைக் கையால் பொறுக்கினோம். பதினொரு மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை.

இப்போது எதைக் கேட்டாலும், "பதில் சொல்லுமுன் என்னிடம் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று சேர்த்துக் கேட்கிறேன். வரும் பதிலை வேளாண் அலுவலரிடமும் காட்டுகிறேன். ஆனால் நான் எழுதும் முதல் வரி, விளைவது யார் வாய்க்குப் போகிறது என்பதுதான்.