பேசி வந்த ஆள்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திருச்சியில் திண்டுக்கல் பஸ் ஏறினேன். மடியில் ஆரி ஊசி, ஜரிகை, மணிகள் வைத்த பை. மேல்தட்டில் துணிப்பை, அதில் ஒரு பட்டுப் புடவை. வேலைக்குப் போகிறவளுக்குப் பட்டு எதற்கு என்று கேட்பீர்கள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் மாதா கோயில் திருவிழா. கொடியிலுள்ள மாதா உருவத்துக்கு ஆரி வேலை செய்து தரக் கேட்டிருந்தார்கள். துணியை வாங்கி வீட்டிலேயே முடித்துக் கூரியரில் அனுப்பியிருக்கலாம். வீட்டுக்காரர் போய் இரண்டாம் வருடம், மகள் பெங்களூரில். கொடியேற்றத்தன்று நாலு பேரோடு நின்று கும்பிட்டு, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட ஆசையாக இருந்தது. நேரிலேயே வருகிறேன் என்றேன்.

கூலியும் பேசிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் முப்பது வருடம் கோயில் கோயிலாகச் சும்மாவே மின்சார வேலை பார்த்த மனுஷன். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பார். ஆண்டவர் பார்த்தாரோ என்னவோ, மளிகைக் கடைக்காரர் பார்க்கவில்லை. அதனால் நான் பேசிய பிறகுதான் ஊசியைத் தொடுவேன்.

ஒன்பதரைக்குத் திண்டுக்கல். பஸ் நிலையத்தில் பூ மூட்டைகளைத் தாண்டி வேடசந்தூர் வண்டியைப் பிடித்தேன். இருபது கிலோமீட்டர் சொச்சம். வெளியே காய்ந்த மானாவாரி நிலம், நடுநடுவே நூற்பாலை மதில்கள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோவில். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. பெயரை எழுதினால் குறை இருப்பது போல் ஆகிவிடும்.

கோயில் வாசலில் பெண்கள் சங்கத் தலைவி ஸ்டெல்லா காத்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். "வாங்க மேடம். பந்தல், வெள்ளையடிக்கிறது, சமையலு, அம்புட்டும் நம்ம ஆளுகதான். ஒத்தப் பைசா வாங்குறதில்ல" என்றாள் பெருமையாக. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "உங்களச் சொல்லல மேடம்" என்றாள்.

எனக்குத் தனி அறை, புது விரிப்பு, மேசை விசிறி. எல்லாருக்கும் முன்பே சாப்பாடு வந்துவிடும், தனியாக ஒரு ஆம்லெட்டோடு. சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன். வெளியே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, "ஏ மதினி, உப்ப அள்ளிக் கொட்டிட்டியா?" என்று ஒருத்தியை ஒருத்தி வாரிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபடி ஆம்லெட்டைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை மாலை பொறுக்க முடியாமல் எழுந்து போனேன். திருவிழா விருந்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்தேன்.

"ஐயய்யோ, வைங்க மேடம்! நீங்க பேசி வந்தவங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

கத்தியை வாங்கிக்கொண்டு, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அதில் செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். பேசி வந்தவளிடம் ஒருத்தியும் பேசவில்லை. மரியாதைதான், வேறொன்றுமில்லை. எழுந்து அறைக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் கொடி முடிந்தது. மாதாவின் நீல முக்காட்டில் ஜரிகை நன்றாக விழுந்திருந்தது. ஸ்டெல்லா தட்டில் ஆப்பிளும் கவரும் வைத்து நீட்டினாள்.

"காசு வேண்டாம் ஸ்டெல்லா. மாதாவுக்குச் செஞ்சதா இருக்கட்டும்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் மேடம், எங்க கவனிப்புல குறையா?"

"அதெல்லாம் இல்லம்மா. நானும் உங்கள்ல ஒருத்தியா இருந்துட்டுப் போறேனே."

ஸ்டெல்லா சங்கடத்தோடு நெளிந்தாள். "ஓசியா செஞ்சா, இன்னார் குடும்பத்து உபயம்னு சாயங்காலம் மைக்குல சொல்லணும். உங்கள எந்த வீட்டு ஆளுன்னு மேடம் சொல்றது?"

கவரை எடுத்துக்கொண்டேன். அவளுக்கு உயிர் வந்தது போலிருந்தது.

"ஆறு மணிக்குக் கொடியேத்தம். அப்புறம் கூட்டத்துல வண்டி கெடைக்காது மேடம். அஞ்சு மணிக்கே உங்களுக்கு ஆட்டோ சொல்லிட்டேன்."

என் நல்லதுக்குத்தான் சொன்னாள். இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்ல வாய் கூசியது. பட்டுப் புடவை மடிப்புக் கலையாமல் பையிலேயே கிடந்தது.

வேடசந்தூரில் திண்டுக்கல் வண்டிக்காக ஒரு மணி நேரம் நின்றேன். கூலி வாங்கியதில் எனக்கு வெட்கமில்லை. நாளைக்கும் வாங்குவேன், வயிறு இருக்கிறதே. ஆனால் திருச்சியில் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து என் வீட்டுக்காரரைக் கல்லறைக்குக் கொண்டுபோன அன்று, பெட்டியைத் தூக்க ஆளுக்கு ஆள் போட்டி போட்டார்கள். தோள் கொடுக்க இடம் கிடைக்காத ஒருவர் தெருமுனை வரை பெட்டியில் கை வைத்தபடியே வந்தார். அன்றைக்கு அழுகையில் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இந்த பஸ் நிறுத்தத்தில் நின்றபோது என் வீட்டுக்காரர் மேல் பொறாமையாகவே இருந்தது.

ஆறு மணி தாண்டியதும் அந்தத் திசையிலிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற மில் வேலைக்காரப் பெண், சாப்பாட்டுத் தூக்கைக் கை மாற்றிக்கொண்டு என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள்.

"கொடியேத்துறாங்க போல. நீங்க போகலையாக்கா?"

மூன்று நாளில் அப்போதுதான் ஒருத்தி என்னை அக்கா என்றாள்.

"அதுக்குத்தாம்மா வந்தேன்" என்றேன்.