நாலு கோல் விட்டவன்

என் கலியாணம் ஒரு பனிச்சறுக்கு மைதானத்தில் தீர்மானமாகும் என்று எந்தச் சாத்திரியாவது சொல்லியிருந்தால், அம்மா அவரைத் தேத்தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பியிருப்பார்.

தொண்ணூறுகளின் பின்பாதி. லண்டனில் ஈஸ்ட் ஹாமில், நகரசபை கொடுத்த ஒரு கவுன்சில் ஃபிளாட்டில் இருந்தோம். நான் கல்லூரியில் கடைசி வருடம். எனக்கு ஒரு பெடியனைப் பிடித்திருந்தது. ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவின் ரொறன்ரோவுக்குப் போய், அங்கேயே வளர்ந்து, மேற்படிப்புக்கென்று எங்கள் கல்லூரிக்கு வந்தவன். படிக்க வந்தானோ விளையாட வந்தானோ, எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். கல்லூரி ஐஸ் ஹொக்கி அணியில் அவன்தான் கோல் காப்பவன். லண்டனில் அந்த விளையாட்டைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. எங்கள் அணி தோற்றுக்கொண்டே இருந்தது, அதைப் பற்றியும் யாருக்கும் அக்கறை இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். உடனே சித்தப்பா விசாரிக்கத் தொடங்கினார். அப்பாவின் தம்பி. பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார், ஆனால் கடையின் பின்னறையில் இருந்த தொலைபேசிதான் அவருடைய உண்மையான தொழில். பாரிஸுக்கு அடித்தார், ரொறன்ரோவுக்கு அடித்தார், கொழும்புக்கு அடித்தார். பெடியனின் பாட்டன் எந்த ஒழுங்கையில் குடியிருந்தார், பாட்டி எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார் என்பதுவரைக்கும் தோண்டினார். இரண்டு கிழமை கழித்து வந்து, எங்கள் சோபாவில் சாய்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"அண்ணை, பெடியன் தங்கம். குடி இல்லை, சிகரெட் இல்லை, படிப்பும் இருக்கு. ஆனா ஆக்கள் சரிவராது."

எங்கள் வீட்டில் சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. அது நாகரிகமில்லையாம். "ஆக்கள் சரிவராது" என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு மிக்சர் பிடி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். பதினைந்து வருடம் அகதி, குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கால்கடுக்க வரிசையில் நின்ற ஆட்கள், அங்கே யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. கலியாணமென்றதும் மட்டும் பாட்டியின் கிணறு வந்துவிடும்.

நான் உண்ணாவிரதம் இருந்தேன். மூன்று நாள் தாங்கினேன். நான்காம் நாள் அம்மா இடியப்பமும் சொதியும் வைத்தார், தோற்றுவிட்டேன். ஆனால் அம்மாவின் மனம் இளகியிருந்தது.

"இஞ்சருங்கோ, ஒருக்காப் பெடியனைக் கண்ணால பாத்திட்டாவது வேண்டாமெண்டு சொல்லுங்கோவன்."

அப்பா விரலை நீட்டிச் சொன்னார். "சரி. ஒரே ஒருக்காப் பாக்கிறன். பாத்தாப் பிறகு நான் என்ன சொல்லுறனோ அதுதான் முடிவு. அதுக்குப் பிறகு இந்தக் கதை இந்த வீட்டில எடுக்கக் கூடாது. விளங்கிச்சோ பிள்ளை?"

விளங்கியது. எங்கே பார்ப்பது என்பதுதான் சிக்கல். வீட்டுக்குக் கூப்பிட்டால் பாதிச் சம்மதம் என்றாகிவிடும். கோயிலில் பார்த்தால் சனம் பார்க்கும். சாப்பாட்டுக் கடையில் பார்த்தால் பில் வருவதற்குள் சித்தப்பாவுக்குச் செய்தி போய்விடும். எங்கட சனம் ஒன்றுகூட இல்லாத இடம் லண்டனில் எங்கே இருக்கிறது? யோசித்து யோசித்து, ஞாயிறு பின்னேரம் கல்லூரி ஐஸ் ஹொக்கி மட்ச் என்று முடிவாயிற்று.

அப்பா கோட்டும் டையும் கட்டி, அதற்குமேல் குரங்குத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். அம்மா சேலைக்குமேல் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட், கையில் ஒரு பெரிய தகரம் நிறைய மட்டன் ரோல்ஸ். பார்க்க வந்திருந்தவர்கள் மொத்தம் நாற்பது பேர் இருப்பார்கள். எங்கள் மாணவர்கள் கொஞ்சம், பிளாஸ்கோடு வந்த தாய்தகப்பன் கொஞ்சம், எதிரணியோடு பஸ்ஸில் வந்த கூட்டம் கொஞ்சம். அப்பா செத்தவீட்டில் இருப்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதில எது அவன்?"

"அங்க, கோலுக்க நிக்கிறவர்."

அப்பா பார்த்தார். முகத்தில் கம்பிக் கூடு. கால் இரண்டிலும் மெத்தை. ஒரு கையில் பலகைமாதிரி ஒன்று, மறு கையில் பெரிய கையுறை.

"முகத்தையே காணேல்லை. இதில நான் என்னத்தைப் பாக்கிறது?"

"உடம்பு பரவாயில்லை," என்றார் அம்மா.

"அம்மா, அது பஞ்சு."

மட்ச் தொடங்கியது. மூன்று பகுதி, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். முதல் பகுதியில் என் ஆள் நாலு கோல் விட்டான். ஒன்று அவன் காலுக்கிடையால் போனது. இன்னொன்று அவன் விழுந்து கிடக்க மேலால் போனது. மற்ற இரண்டையும் நான் பார்க்கவில்லை, கண்ணைப் பொத்திக்கொண்டேன். எங்கள் பக்கம் பூச்சியம். அப்பாவோ ஒவ்வொரு கோலுக்கும் விரலை மடக்கி எண்ணினார். அந்த முகத்தில் இருந்த திருப்தியை நான் மன்னிக்க நெடுநாள் எடுத்தது.

"நாலு கோல் விட்டவனையோ நீ கட்டப் போறாய்?"

"அப்பா, பேசாம இருங்கோ."

"இல்லை, கேக்கிறன். தன்ர கோலையே காக்க ஏலாதவன்..."

"அப்பா!"

இடைவேளை வந்தது. அம்மா ரோல்ஸ் தகரத்தைத் திறந்தார். எண்ணெய் மணம் பரவியதும் எங்கள் மாணவர்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். எங்களுக்குப் பின்னால் எதிரணிக்காரர் ஒருவர் இருந்தார், சிவந்த முகம், பெரிய தொந்தி. அம்மா அவருக்கும் இரண்டு கொடுத்தார்.

"எதிரிக்கு ஏன் ரோல்ஸ் குடுக்கிறாய்?" என்றார் அப்பா.

"ஏன், அவருக்குப் பசிக்காதோ?"

இரண்டாம் பகுதியில் எங்கள் பெடியன்கள் கொஞ்சம் உயிர்த்தார்கள். ஒரு கோல் போட்டார்கள். பிறகு இன்னொன்று. நாலுக்கு இரண்டு. என் ஆள் ஒன்றும் விடவில்லை. ஒருதடவை முழு உடம்பையும் குறுக்கே எறிந்து ஒன்றைத் தடுத்தான், அம்மா "ஐயோ, பிள்ளைக்கு நொந்திருக்கும்" என்றார். அப்பா கட்டியிருந்த கையை மட்டும் அவிழ்த்தார்.

அப்போதுதான் பின்னால் இருந்த சிவந்த முகக்காரர், அம்மாவின் இரண்டாவது ரோலை மென்றுகொண்டே, கோலைப் பார்த்து ஒரு சொல்லைக் கத்தத் தொடங்கினார். அவருடைய கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஒரே சொல், திரும்பத் திரும்ப.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"அரிதட்டாம், மா அரிக்கிறது. எல்லாம் ஒழுகுதாம்."

அப்பா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "ஆரை?"

"ஆரையெண்டு நினைக்கிறீங்கள்?"

"எங்கட பெடியனையோ?" என்று கேட்டு அப்பா எழுந்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அப்பா இளமையில் ஒரு விளையாட்டும் விளையாடியவரில்லை. ஆனால் கத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு கல்லூரிகள் கிரிக்கெட்டில் மோதும் பிக் மட்ச் என்றால், ஒரு பந்தைக்கூடத் தொடாத அப்பாதான் தன் கல்லூரிக் கொட்டகைக்குத் தலைவர். தகரம் அடிப்பது, கொடி ஆட்டுவது, எதிர்க் கல்லூரி அதிபரின் வழுக்கையைப் பற்றிப் பாட்டுக் கட்டுவது, எல்லாம் அவர். லண்டனில் அந்த மனுசனை நான் கண்டதேயில்லை. இங்கே அவர் ஒரு கட்டடத்தின் வாசலில் காவல் நிற்பவர். "குட் மோர்னிங் சேர்" என்பதற்குமேல் குரல் எழும்பாது.

அன்றைக்கு எழும்பியது. அம்மாவின் கையிலிருந்த தகரத்தைப் பறித்தார். மிச்ச ரோல்ஸை என் மடியில் கொட்டினார். தகரத்தைக் கவிழ்த்து அடிக்கத் தொடங்கினார். டங்-டக-டங்-டக-டங். ஒவ்வொரு அடிக்கும் தமிழில் ஒரு வசனம். சிவந்த முகக்காரரின் தலைமுறையே அதில் அடங்கியது. நல்லகாலம், அவருக்கு விளங்கவில்லை. எங்கள் மாணவர்களுக்கும் ஒரு சொல் விளங்கவில்லை, ஆனால் தாளம் விளங்கியது. ஐந்து நிமிடத்தில் முழுப் பேரும் கால்களால் பலகையை மிதித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெட்கத்தில் செத்துக்கொண்டே சிரித்தேன்.

மூன்றாம் பகுதி. நாலுக்கு மூன்று. அப்பா குரங்குத் தொப்பியைக் கழற்றி எறிந்தார். முடிய மூன்று நிமிடம் இருக்கையில் எங்கள் உயரமான பெடியன் ஒருவன் நாலாவதையும் போட்டான். சமம்!

அதற்குப் பிறகு நடந்ததற்கு பிக் மட்ச்தான் காரணம். ஊரில், நம்முடைய பெடியன் ஐம்பது அடித்தால் கூட்டம் மைதானத்துக்குள் ஓடும். கட்டிப்பிடிக்கும், தோளில் தூக்கும், நடுவர் காத்துக்கொண்டு நிற்பார். அது வழக்கம். அப்பா ஓடினார். விளையாட்டுக்காரரின் பெஞ்சுப் பக்கம் கதவு திறந்து கிடந்தது. டையும் கோட்டும் தோல் சப்பாத்துமாக மனுசன் ஐஸில் இறங்கிவிட்டார்.

இரண்டு அடி ஓடினார். மூன்றாவது அடி காற்றில். பிறகு குப்புறக் கிடந்தார்.

அம்மா "ஐயோ என்ர மனுசன்!" என்று கத்தினார். முதலில் வந்து சேர்ந்தது கோல்காரன்தான். அந்த மெத்தைக் காலோடு சறுக்கி வந்து, குனிந்து, கையைக் கொடுத்தான்.

"அங்கிள், எழும்புங்கோ. அடிபட்டதோ?"

"என்னை விட்டிட்டு நீ கோலுக்குப் போ!" என்று அப்பா ஐஸில் கிடந்தபடியே கத்தினார். "கோலை விட்டிட்டு இஞ்ச என்ன புடுங்குறாய்?"

மாமனாரும் மருமகனும் முதன்முதல் பேசிய பேச்சு இதுதான்.

நடுவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டத்தைத் தடுத்ததற்காக எங்கள் அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை. ஒரு ஆள் வெளியே. இரண்டு நிமிடமும் நாங்கள் ஓராள் குறைவு.

அப்பாவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருத்தினார்கள். மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"பிள்ளை, என்னாலயோ?"

"ஓம் அப்பா. உங்களாலதான்."

வேறொரு மகள் ஆறுதல் சொல்லியிருப்பாள். எனக்கு அந்த நேரம் அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. இந்த மட்ச் தோற்றால் என் கதை முடிந்தது என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். கோல் கணக்குக்கும் என் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

எதிரணிக்காரர்கள் அடித்தார்கள். அவன் காலால் தடுத்தான். மறுபடி அடித்தார்கள். கையுறையால் பிடித்தான். அப்பா கண்ணை மூடி "முருகா, முருகா" என்றார், பிறகு ஒரு கண்ணைத் திறந்து "இடப்பக்கம், இடப்பக்கம்!" என்று கத்தினார். இன்னொரு அடி வந்து அவன் நெஞ்சில் பட்டுத் தெறித்தது. தெறித்தது எங்கள் பெடியன் ஒருவனின் மட்டைக்கே போனது. அவன் தனியே எடுத்துக்கொண்டு ஓடினான். எதிரே ஒருவருமில்லை, அவர்களுடைய கோல்காரன் மட்டும்.

ஐந்து. நாலு. மணி அடிக்கும்வரை அது மாறவில்லை.

அந்த நாற்பது பேரும் போட்ட சத்தம் நாலாயிரம் பேருக்குக் காணும். அப்பா வீங்கிய கையோடு தகரத்தை அடித்தார். பிறகு திரும்பி, அரிதட்டு என்று கத்திய அதே சிவந்த முகக்காரரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். பாவம், அந்த மனுசன் திகைத்துப்போய் நின்றது. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "எங்கட ஆக்கள்தானே வெண்டது?" என்று கேட்டார்.

உடுப்பு மாற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு அவன் எங்களிடம் வந்தான். அப்பா அவன் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. கத்திக் கத்தித் தொண்டை முழுசாக அடைத்திருந்தது. அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தார். அந்தத் தட்டுக்கு என்ன பொருள் என்று யாரைக் கேட்பது? ரயிலில் கேட்டேன், தொண்டையைக் காட்டினார். இரவுச் சாப்பாட்டில் கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டார். பேச ஏலாமல் இருக்கிறாரா, நடிக்கிறாரா என்று எனக்கு விசர் பிடித்தது.

திங்கள் பின்னேரம் சித்தப்பா தொலைபேசி எடுத்தார். அப்பா என்னைக் கையால் கூப்பிட்டு, ரிசீவரை என் காதில் வைத்துவிட்டு, தன் வாயை என் மற்றக் காதில் வைத்தார். அவர் குசுகுசுக்க, நான் சொல்லவேண்டும். வேறு வழியில்லை.

"அண்ணை பாத்தாச்சுத்தானே," என்றார் சித்தப்பா. "அப்ப வேண்டாமெண்டு சொல்லிவிடட்டோ எண்டு கேள் பிள்ளை."

என் ஆளை வேண்டாமென்று சொல்லட்டோ என்று நானே அப்பாவிடம் கேட்டேன்.

"உன்ர சித்தப்பன் ஒரு விசரன் எண்டு சொல்லு," என்று அப்பா குசுகுசுத்தார்.

"சித்தப்பா, அப்பா உங்களைச் சுகமோ எண்டு கேக்கிறார்."

"சுகம் கிடக்கட்டும். நான் ரெண்டு கிழமை நித்திரை முழிச்செல்லோ விசாரிச்சனான்."

"நானும் விசாரிச்சிட்டன் எண்டு சொல்லு. ஐஸில விழுந்து கிடந்து விசாரிச்சனான்."

சொன்னேன். பிறகு சித்தப்பா மெல்லக் கேட்டார். "அப்ப சனம் கேட்டா, அந்தப் பெடியன் ஆரெண்டு சொல்லுறது?"

அப்பா கத்தப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. காற்று மட்டும் என் காதில் சுட்டது. ஆனால் எனக்குக் கேட்டது.

"மருமோனாம், சித்தப்பா," என்றேன்.

"என்ன? கேக்கேல்லை. பலத்துச் சொல்லு!"

நான் அப்பாவைப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையைத் தூக்கி, கூட்டத்தை எழுப்புகிறவர்போல, இன்னும், இன்னும் என்று ஆட்டினார். அழுதுகொண்டே, என் தொண்டை கிழியுமட்டும் கத்தினேன்.

"எங்கட மருமோன்!"