கேரண்டி உள்ள ஏணி

எங்கள் ஊரில் மாடி வைத்த வீடு அபூர்வம். இருப்பதில் உயரமானது தண்ணீர்த் தொட்டி. அதற்கும் சிமெண்டில் படிக்கட்டு உண்டு. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் ஏணி செய்தே வீடு கட்டினார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நாங்கள் நம்பினோம். யாரும் அவரிடம் எதுவும் கேட்காததால் சந்தேகம் வர வழியே இல்லாமல் போய்விட்டது.

ஏணிக்காரர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ஜன்னல் கம்பியும் இரும்புக் கதவும் அடித்துக்கொண்டிருந்த சாதாரண வெல்டர். துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் சந்தில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடும்பம். இரண்டுக்கும் நடுவே ஒரு துணித் திரை. தீப்பொறி பட்டுப் பட்டு அது சல்லடையாகிவிட்டது. அந்த ஓட்டைகள் வழியாக அவர் மனைவி பட்டறையில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொள்வாள். அபிப்பிராயம் சொல்ல மட்டும் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வருவாள்.

ஏணி நல்ல ஏணி, அதில் குறை சொல்ல முடியாது. அலுமினியக் குழாய். ஓர் ஆள் ஒரு கையால் தூக்கலாம். மூன்று துண்டாகக் கழற்றலாம், கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். உச்சியில் இரண்டு பெரிய கொக்கிகள். அவற்றில் பழைய சைக்கிள் டியூப்பை இறுக்கிச் சுற்றித் தருவார். டியூப் எதற்கு என்றால், சுவரில் கீறல் விழாமல் இருக்க. ஏணி எதற்கு என்றால், வெள்ளையடிக்க. அவர் விற்ற ஏணிகள் எல்லாம் வெள்ளையடிக்கத்தான் போயின என்றால், எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வரவேண்டியிருக்கும். எங்கள் சுவர்கள் எல்லாம் காரை பெயர்ந்து பாசி பிடித்துக் கிடந்தன.

ஏணிகள் போன இடம் கடல். விசைப் படகில் போய், போகிற கப்பலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, கொக்கியை மேலே மாட்டி ஏறுவார்கள். கொக்கி கப்பலின் இரும்பில் பட்டுச் சத்தம் வரக்கூடாது, அதற்குத்தான் டியூப். ஏறிய பிறகு கப்பலும் அதில் இருப்பவர்களும் விலைபேசப்படுவார்கள். இதைத் தடுக்கப் பல தேசத்துக் கடற்படைகள் சாம்பல் நிறக் கப்பல்களோடு வந்து நின்றன. ஹெலிகாப்டர் பறந்தது. சந்தேகமான படகைப் பிடித்தால் முதல் வேலையாக ஏணியைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டு, உலகத்துக்கு அறிக்கை கொடுப்பார்கள். மறுவாரம் ஏணிக்காரருக்குப் புது ஆர்டர் வரும். அந்த வகையில் அவருடைய தொழில் தழைக்கப் பாடுபட்டவர்களில் கடற்படைக்கு முக்கிய இடம் உண்டு.

ஆர்டர் கொடுப்பவர் ஐஸ் முதலாளி. அவருடைய ஐஸ் தொழிற்சாலையில் ஐஸ் தவிர மற்ற எல்லாம் இருந்தது. படகுகள் அவருடையவை. டீசல் அவருடையது. கப்பல் முதலாளிகளோடு பேரம் பேசும் ஆங்கிலம் தெரிந்த ஆளும் அவருடைய சம்பளத்தில்தான் இருந்தான். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்ததும் அவரே என்பதால் ஊரில் அவரைப் பற்றி யாரும் தவறாகப் பேசியதில்லை. சிரிப்பு என்னவென்றால், அந்த மனிதருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கட்டி வைத்திருக்கும் படகில் கால் வைத்தாலே குமட்டும். கடல் கொள்ளை முழுவதையும் அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடத்தினார், மின்விசிறிக்குக் கீழே. கடற்படைகளோ அவரைத் தொலைநோக்கியால் கடலில் தேடிக்கொண்டிருந்தன.

இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஏணிக்காரர் கெட்டவர் இல்லை. எதையும் யோசிக்காமல் இருப்பதற்கு அவருக்குத் தொழில் இருந்தது, அவ்வளவுதான். தான் பற்றவைத்த இடம் விடாது என்பதில் அவருக்குத் தலைக்கனம். அதனால் ஏணிக்கு ஒரு வருடம் கேரண்டி கொடுத்தார். படி ஆடினால், கொக்கி வளைந்தால் கொண்டு வாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்பார். நடுக்கடலில் போடப்படும் ஏணிக்குக் கேரண்டி கொடுத்த உலகின் ஒரே ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். யாரும் கொண்டு வந்ததில்லை. அதையும் அவர் தன் வேலைத்திறத்துக்குக் கிடைத்த நற்சான்றாகவே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மூன்றாவது ஆள், மனைவியின் தம்பி. அவர்கள் அம்மா இறந்தபோது அவன் கைப்பிள்ளை. இடுப்பில் வைத்து வளர்த்தவள் அக்காதான். இப்போது ஐஸ் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றுகிறான். ஒல்லி, நீளக் கை கால், பேச்சில் மட்டும் சோம்பல் கிடையாது. ஒரு நாள் தொழிற்சாலைக் கூரையில் மாட்டிய பறவையை எடுத்துவிடக் குழாயைப் பிடித்து அவன் விறுவிறுவென்று ஏறியதை முதலாளி நாற்காலியில் இருந்தபடியே பார்த்தார். அன்றிலிருந்து அவனிடம் பிரியமாகப் பேச ஆரம்பித்தார். அந்தப் பிரியம் அவனுக்குப் பெருமையாக இருந்தது. அவன் அக்காவோ தினமும் அவன் வேலையிலிருந்து திரும்பும்வரை வாசலில் நின்றாள்.

பக்கத்துத் தெருத் தையல்காரரின் மகனிடமும் முதலாளி இப்படித்தான் பிரியமாக இருந்தார். கடல் அமைதியாக இருந்த போன பருவத்தில் கிளம்பிய படகும் திரும்பவில்லை, அதில் போன அவனும் திரும்பவில்லை. முதலாளி நேரில் வந்து வருத்தம் சொல்லிவிட்டுப் போனார். தையல்காரர் ஒரு நாள் பட்டறைக்கு வந்து, ஏணி ஏதாவது உடைந்திருக்குமா என்று மெதுவாகக் கேட்டார். ஏணிக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தன் ஏணி உடையாது என்று அவர் அடித்துச் சொல்ல, அந்த மனிதர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

காற்று அடங்கிக் கடல் படியப் போகிற நேரம் வந்தது. முதலாளியிடமிருந்து ஒரே ஓர் ஏணிக்கு ஆர்டர் வந்தது. வெல்டிங் வெளிச்சம் அணைந்ததும் மனைவி திரையை விலக்கினாள்.

“இது யாருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

“முதலாளிக்கு.”

“அவரா ஏறப்போறாரு? என் தம்பிதான் ஏறப்போறான்.”

ஏணிக்காரர் முகமூடியைக் கழற்றிவிட்டு, கணவன்மார்கள் சொல்லக்கூடாத பதில்களில் தலைசிறந்ததைச் சொன்னார். “நான் செஞ்ச ஏணி உடையாது.”

அதோடு அவள் பேச்சை நிறுத்தினாள். சாப்பாடு வந்தது, தண்ணீர் வந்தது, சொல் வரவில்லை. அவர் தட்டைப் பார்த்து “உப்பு கொஞ்சம் கம்மி” என்றால், உப்பு ஜாடி மட்டும் வந்து உட்காரும்.

இந்தச் சமயத்தில்தான் துறைமுகக் காவல் நிலையத்துக்குப் புது இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். கடல் கொள்ளையை ஒழிக்க அனுப்பப்பட்டவருக்குப் படகு கொடுக்கவில்லை. கேட்டு எழுதியதற்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. கையில் ஒரு பழைய ஜீப். அரசாங்கம் இந்த விஷயத்தில் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் படகைக் கொடுக்காமல் விட்டதுதான். ஜீப் கடலில் ஓடாது என்பதால் அந்த அம்மா தரையில் சுற்ற ஆரம்பித்தார். டீசல் எங்கே இறங்குகிறது, படகு எங்கே ஏறுகிறது என்று பார்த்தார். கடற்படை அதிகாரி ஒருவரிடம், அடுத்த தடவை ஏணியை எறிய வேண்டாம், எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். இந்த அம்மாவுக்கு என்ன பைத்தியமா என்ற பார்வையோடு அவர்கள் ஒன்றைக் கொடுத்தார்கள். போன பருவத்தில் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்த ஒரு படகில் கிடைத்து, எறிய மறந்து அவர்கள் கப்பலிலேயே கிடந்த ஏணி.

அதை ஜீப் மேல் கட்டிக்கொண்டு ஒரு காலையில் சாதாரணப் புடவையில் பட்டறைக்கு வந்து நின்றார்.

“மேல்படி ஆடுதுங்க. உங்ககிட்ட கேரண்டி உண்டாமே?”

ஏணிக்காரரின் வாழ்நாளில் அவர் ஏணியைப் பற்றி வந்த முதல் புகார் அது. முகம் சிவந்துவிட்டது. ஏணியை இறக்கி, தடவி, தட்டி, முகர்ந்தே பார்த்துவிட்டார். படி ஆடத்தான் செய்தது. ஆனால் பற்றவைத்த இடம் விடவில்லை, யாரோ சுத்தியலால் அடித்து வளைத்திருக்கிறார்கள் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கடைக்காரப் புத்தி விடவில்லை.

“அப்புறம் இன்னொண்ணுங்க. கேரண்டி வாங்கினவங்களுக்குத்தான். கைமாறிட்டா செல்லாது. இது ஐஸ் முதலாளிக்குச் செஞ்ச ஏணி. கொக்கி வளைவு அகலமா வேணும்னு அவரு சொல்லித்தான் செஞ்சது. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

“கடல்லேர்ந்து வந்துச்சு” என்று இன்ஸ்பெக்டர் அம்மா பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

ஏணிக்காரர் ஏணியைத் தரையில் வைக்கவும் முடியாமல் கையில் பிடிக்கவும் முடியாமல் நின்றார். இப்போது சொன்னதை நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுச் சொல்வீர்களா, சொன்னால் தொழிற்சாலையைப் பூட்டத் தலைநகரிலிருந்து உத்தரவு வாங்க முடியும் என்று அந்த அம்மா அமைதியாகக் கேட்டார். யோசித்துச் சொல்வதாக இவர் முனகினார். அந்த அம்மா ஏணியை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்பில் போய்விட்டார்.

திரை விலகியது. அத்தனை நாள் பேசாதவள் ஏணியின் மேல்படியைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது தையல்காரர் பையன் போன ஏணிதானே?”

அவர் கொக்கியைத் தடவிப் பார்த்தார். அந்தப் பருவத்தில் அகலக் கொக்கி வைத்து ஒன்றே ஒன்றுதான் செய்தார்.

“ஏணி திரும்பி வந்துடுச்சு. உடையவே இல்ல. நீங்க அவருகிட்டச் சொன்னது சரிதான். பையனுக்குத்தான் யாரும் கேரண்டி குடுக்கல போல.”

உள்ளே போய்விட்டாள். அவர் அந்த ஏணிக்கு எதிரே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

சந்துக்குள் ஜீப் வந்த செய்தி முதலாளிக்குப் போகாமல் இருக்குமா? பொழுது சாயும் முன் வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, எல்லோர் நலத்தையும் விசாரித்தார். சுவரில் சாத்தியிருந்த ஏணியைப் பார்த்தார்.

“அந்த அம்மா எதுக்கு வந்தாங்களாம்?”

“ரிப்பேருக்குண்ணே. கேரண்டி கிடையாதுன்னு சொல்லிட்டேன்.”

“நல்லது” என்று முதலாளி மனதாரச் சிரித்தார். பிறகு, காற்று அடங்கிவிட்டது, வருகிற வாரம் படகு கிளம்புகிறது, உங்கள் மச்சானுக்கு ஒரு நல்ல இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், இனி அவன் மூட்டை தூக்க வேண்டியதில்லை என்றார். ஒரு குடும்பத்துக்கு நன்மை செய்கிறவரின் முகத்தோடுதான் சொன்னார். உள்ளே தம்பிக்காரன் தலை வாரிக்கொண்டே விசிலடித்தது கேட்டது.

ஏணிக்காரர் தொண்டையைச் செருமினார். “அண்ணே, உங்க பையனையும் அனுப்புறீங்களா?”

இந்தக் கேள்வியை அந்த ஊரில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. முதலாளிக்கே புதிதாக இருந்தது. மகன் வெளியூரில் கணக்கு படிக்கிறான், அவனுக்கு உயரம் என்றால் தலை சுற்றும் என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “குடும்ப வியாதிங்களா? அப்பாவுக்குத் தண்ணி ஆகாது, பிள்ளைக்கு உயரம் ஆகாது. எங்க வீட்டுப் பையனுக்குத்தான் ஒரு வியாதியும் இல்லாம போச்சு.”

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. “தங்கச்சிக்கு வாய் கொஞ்சம் அதிகம்” என்று ஏணிக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது புது ஏணியை ஒருமுறை தூக்கிப் பார்த்து, கனமே இல்லை என்று பாராட்டவும் செய்தார்.

மறுநாள் காலையில் ஏணிக்காரர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பழைய ஏணியைத் தோளில் வைத்து, பட்டப்பகலில் கடைத்தெரு வழியாகக் காவல் நிலையத்துக்கு நடந்தார். மறைவாகப் போகும் யோசனை வரவில்லையா என்று பிறகு சிலர் கேட்டார்கள். இவ்வளவு நீள ஏணியை எங்கே மறைப்பது? தையல் கடை வாசலில் ஒரு நிமிடம் நின்றார். உள்ளே போய் என்ன சொன்னாரோ, தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார். ஏணியின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார்.

உத்தரவு வந்தது. ஐஸ் இல்லாத ஐஸ் தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது. பின்கொட்டகையில் டீசல் பீப்பாய்களும் படகு இயந்திரங்களும் வரிசையாக இருந்தன. முதலாளியை ஜீப்பில் ஏற்றியபோது பாதி வழியில் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாராம். ஜீப்பும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அந்தப் பருவத்தில் ஒரு படகும் கிளம்பவில்லை. கடலில் தாங்கள் எடுத்த உறுதியான நடவடிக்கையால் கொள்ளை குறைந்துவிட்டதாகக் கடற்படைகள் அறிக்கை விட்டன. இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஒருவழியாகப் படகு ஒதுக்கப்பட்டது. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

தம்பிக்காரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். தன் எதிர்காலத்தை மாமாவும் அக்காவும் சேர்ந்து கெடுத்துவிட்டார்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொன்னான். உட்கார்ந்து தின்றான், பகலில் தூங்கினான், குறட்டை விட்டான். அந்தக் குறட்டையைப் பற்றி அக்கா அக்கம்பக்கத்தில் எவ்வளவோ புலம்பினாள். அவனை எழுப்ப மட்டும் மனம் வரவில்லை.

ஆர்டர் கொடுத்தவர் உள்ளே போனதால் கடைசி ஏணி பட்டறையிலேயே தங்கிவிட்டது. அதை வீணாக்குவானேன், வீட்டுக்கு வெள்ளையாவது அடிக்கலாம் என்று ஏணிக்காரர் ஒரு நாள் மச்சானைக் கிளப்பினார். சந்தின் அகலத்துக்கு ஏணியைச் சாய்க்க முடியவில்லை. நேராக நிறுத்தினால் கூரையைத் தாண்டிப் போய் வானத்தில் நின்றது. ஒரு துண்டை மட்டும் கழற்றி வைத்தால் சுவரில் நிற்காமல் வழுக்கியது, அகலக் கொக்கியோ எதிலும் மாட்டவில்லை. இத்தனை வருடம் வெள்ளையடிக்க என்று விற்ற ஏணி வெள்ளையடிக்க உதவாது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“கேரண்டி இருக்கான்னு கேளுடா உன் மாமாவை” என்றாள் மனைவி.

கடைசியில் சமையலறை ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் நின்றுகொண்டு தம்பி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். முழங்கால் உயர ஸ்டூல்தான். ஆனாலும் அவள் வேலை முடிகிற வரைக்கும் அதன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாள்.