ஏலம் போகாத பப்பாளி சோப்பு

அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் கூடையும் பையுமாகக் கோயிலுக்குப் போகும்போது உங்கள் அம்மா மட்டும் ஏன் வெறுங்கையோடு வருகிறாள் என்று கேட்டீர்கள். அவளைக் கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுவாள். அதனால் நானே எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசியில் எனக்குப் பம்மலில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, முடியையும் ஜவ்வையும் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த நாற்றம் நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சைக்கிள் மிதித்துத் தாம்பரம் வந்து, கிணற்றடியில் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. கோயிலில் நாங்கள் உட்காரும் பெஞ்சில் எப்போதும் தாராளமாக இடம் இருக்கும். நெரிசலான ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஆட்கள் சுவரோரம் நிற்பார்களே தவிர எங்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. புன்னகையோடுதான் நிற்பார்கள்.

அம்மா சோப்பு காய்ச்சக் கற்றுக்கொண்டது அதற்காகத்தான். மார்க்கெட்டில் காஸ்டிக் சோடா வாங்கிவரச் சொன்னாள். தேங்காய் எண்ணெயில் அதைக் கலந்தால் சோப்பாகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் வாசனைக்குப் பழம் போட வேண்டும் என்று பிடிவாதம். முதல் தடவை கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, சோடாவை அதன் தலையிலேயே கொட்டிவிட்டாள். பழத்தில் இருக்கும் இனிப்புக்கும் சோடாவுக்கும் ஆகாது. புஸ்ஸென்று பொங்கி, கறுத்து, எங்கள் சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றமே வீட்டுக்குள் வந்துவிட்டது.

"ஷாப்பை இங்கயே கொண்டாந்துட்ட போ" என்றேன்.

"சிரிங்க, சிரிங்க. நாத்தம் எப்படி வருதுன்னு தெரிஞ்சாத்தானே அத எப்படிப் போக்குறதுன்னு தெரியும்" என்றாள்.

அப்புறம் அவளே வழி கண்டுபிடித்தாள். சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஆறவிடுவாள். எண்ணெயில் விட்டுக் கிண்டுவாள். தோசைமாவு பதத்துக்கு வந்த பிறகுதான் பழக்கூழ் சேர்ப்பாள், அதுவும் கொஞ்சமாக. கூடவே பயத்தமாவும் ஆரஞ்சுத் தோல் பொடியும். கொட்டாங்குச்சிக்குள் வாழையிலை வைத்து ஊற்றி, இறுகியதும் எடுத்துப் பரணில் ஒரு மாதத்துக்கு மேல் காயவிடுவாள். ஷாப்பில் என்கூட வேலை செய்தவன் ஒருநாள் என் கையை மோந்து பார்த்துவிட்டு, "இன்னா நைனா, புதுமாப்ள கணக்கா மணந்துகினு கீறே! வூட்ல இன்னா விசேசம்?" என்று கேலி செய்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் எங்கள் பப்பாளி முதன்முதலாகக் காய்த்தது. நட்ட அன்றே முதல் பழம் கோயிலுக்கு என்று அம்மா நேர்ந்திருந்தாள். நம் சபையில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதற்பலனைப் படைத்தால், ஆராதனை முடிந்து அதை ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய்க்குக்கூட போட்டி போட்டுக் கேட்டு, எடுத்தவர் தலைமேல் வைத்துக்கொண்டு போவார். ஆனால் எங்கள் பழம் பண்டிகைக்கு ஒன்றரை மாதம் முன்னாலேயே பழுத்துவிட்டது. அடுத்த காயைக் கொடுக்கலாமே என்றேன்.

"முதல் பழம்னு சொல்லிட்டு ரெண்டாவத எப்படிங்க குடுக்குறது? சோப்புல போட்டா கெடாம நிக்கும்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குத்தானே சொல்வதுபோல, "நம்ம வீட்டுப் பொருள் ஒண்ணாவது அவங்க வீட்டுக்குள்ள போவட்டும்" என்றாள்.

அதற்காகத்தான் அத்தனையும். அந்தப் பழத்தை அவள் துணியில் வடிகட்டிய கவனத்தை நான் பார்த்தேன். மாலை வெயில் நிறத்தில் சோப்புகள் வந்தன. பண்டிகையன்று புது ஓலைக்கூடையில் அடுக்கி, மேலே ஒரு பப்பாளி இலையும் வைத்தாள்.

ஏலம் விட்டவர் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல தமாஷ்காரர். "இந்த வாழைத்தாரைப் பாருங்க, நம்ம செயலர் உசரம்! யார் கேக்குறீங்க?" என்பார், கூட்டம் சிரிக்கும். எங்கள் கூடையைத் தூக்கினார். "பப்பாளி சோப்பு. வீட்டுல செஞ்சது. யாரு சார்?"

கூடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"அக்கா, நீங்க? குளிக்கிறதில்லையா?" என்று முன்வரிசையைப் பார்த்துக் கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். பின்னால் ஒரு குரல், மெதுவாகத்தான், ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது: "தோல்ல சுரண்டின கொழுப்புல காய்ச்சியிருப்பாங்க, வேற என்ன."

அம்மா எழுந்து, "தேங்கா எண்ணெங்க. எங்க மரத்துப் பழங்க" என்றாள். அதற்கு ஒருவரும் திரும்பவில்லை. வாத்தியார் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, இத அப்புறம் பாப்போம்" என்று அடுத்ததாக ஒரு கோழியைத் தூக்கினார். கோழிக்குப் பலத்த போட்டி. கடைசியில் மேசையில் எங்கள் கூடை மட்டும் இருந்தது. நான் போய் ஒரு விலை சொன்னேன். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று அவசரமாகச் சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டார். ஆண்டவருக்குக் கொடுத்ததை நானே விலைகொடுத்து வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்தேன். வழியில் மூத்தவள், "நம்ம சோப்ப நாமளே ஜெயிச்சிட்டோமாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சில வாரங்கள் கழித்து வாத்தியாரின் மனைவி வந்தார். தெருவழியாக இல்லை, பின்பக்கம் கிணற்றடி வழியாக. கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கடைச் சோப்பு போட்டால் எரிகிறதாம்.

"அன்னைக்கி வச்சிருந்தீங்களே, அது இருந்தா ரெண்டு குடுங்க. சபையில யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்" என்றார்.

அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, கல்மேல் இருந்த பாதி கரைந்த சோப்பைக் காட்டினாள். "எல்லாத்தையும் அவரு கை கழுவ எடுத்து வச்சிட்டேன். ஷாப்புலேர்ந்து வந்து அவரு தேச்ச சோப்பு. வேணுமா?"

அந்தம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

பரணில் புதுச் சோப்புகள் முழுசாக இருந்தன. எனக்குத் தெரியும். குழந்தைக்காகவாவது கொடுத்திருக்கலாம் என்று வாய்வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அவற்றைத் தீர்த்த பிறகு அவள் மறுபடி காய்ச்சவில்லை.

மறுவருஷம் மரம் தாங்காமல் காய்த்தது. ஒன்றைக்கூட அவள் பறிக்கவில்லை, என்னையும் பறிக்க விடவில்லை. பண்டிகையன்று காலை, காக்கைகள் கொத்திப் போட்ட பழங்களைக் கூட்டிக் குப்பையில் தள்ளிவிட்டு, முகம் கழுவி, வெறும் கையை வீசிக்கொண்டு எனக்கு முன்னால் கோயிலுக்கு நடந்தாள்.