மாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு மைக்ராஸ்கோப்

மாட்டு வைத்தியத்தில் நோயாளி பொய் சொல்வதில்லை. அதற்கும் சேர்த்து அதன் சொந்தக்காரர் சொல்லிவிடுவார். இரண்டு நாளாகத் தீனி தின்னாத மாட்டை, காலையில்தான் ஏதோ சுணங்கிப் போச்சு என்பார். ஆகவே உண்மையைத் தெரிந்துகொள்ளச் சர்க்கார் எங்களுக்கு ஒரு மைக்ராஸ்கோப் கொடுத்தது. 1930-களில் அந்தப் பெட்டியோடு நாமக்கல் சீமையில் நான் பட்ட பாட்டை, ஏதாவது ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு அழுகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கீழே இருக்கும் கண்ணாடி

மைக்ராஸ்கோப்பின் அடியில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குழி. வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்புவது அதன் வேலை. மின்சாரம் வராத ஆஸ்பத்திரியில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பி வானத்தைத் தேடவேண்டும். மேகம் மூடினால் அன்றைக்கு எந்த மாட்டுக்கும் கிருமி கிடையாது.

ஒருநாள் அரும்பாடுபட்டு வெளிச்சத்தைப் பிடித்து வைத்துவிட்டு, நொண்டுகிற எருது ஒன்றைப் பார்க்க வெளியே போனேன். திரும்பி வந்தால் எருதின் சொந்தக்காரர் சின்னுசாமி மேசை முன் குந்தி, அந்தக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி மீசையை முறுக்கிக்கொண்டிருக்கிறார். அது எதற்காக இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "குழிப் பக்கத்துல மீசை நல்லா எடுப்பாத் தெரியுதுங்க. இந்த மாதிரி சந்தையில கெடைக்குமுங்களா?"

சாணியில் முட்டை

உண்ணி, சொறி இவற்றுக்குச் சட்டைப்பையில் கிடக்கும் பூதக்கண்ணாடியே போதும். குடலில் இருக்கும் புழுவுக்குத்தான் பெரிய கருவி வேண்டும். மேச்சேரிப் பக்கம் ஆடுகள் தாடை வீங்கிச் சாகின்றன என்று தகவல் வந்ததும் பெட்டியை வண்டியில் ஏற்றினேன். பட்டிக்காரி நல்லம்மாள் ஏற்கெனவே நாலைந்து ஆடுகளை இழந்திருந்தாள். மிச்சம் இருந்தவையும் நிற்கத் தெம்பில்லாமல் நின்றன. நான் ஆட்டைத் தொடாமல் புழுக்கையைப் பொறுக்கியதில் அவளுக்கு என் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

புழுக்கையைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தேன். சின்ன லென்ஸிலேயே முட்டை முட்டையாகத் தெரிந்தது. அவளையும் பார்க்கச் சொன்னேன். முதலில் தன் கண் இமை மயிரைப் பார்த்துவிட்டு, அதுதான் புழு என்று பயந்தாள். பிறகு திருகைத் திருப்பிச் சரிசெய்து காட்டினேன். வெகுநேரம் அசையாமல் பார்த்தாள். புழுவைக் கொல்லும் மயில்துத்தக் கரைசலை எப்படிக் கொடுப்பது என்று நான் சொன்னதெல்லாம் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ஆனால் சொன்னபடி கொடுத்திருக்கிறாள், பட்டி பிழைத்தது. அன்றைக்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "எங்கூட்டுக் கோழி இதுல பாதி போட்டாப் போதும் சாமி."

நகர்கிற கிருமி

எங்கள் மேலதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். மாட்டு ரத்தத்தைத் தடவிக் காயவைத்து, சாயம் ஏற்றிய சில்லு ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். எண்ணெய் விட்டுப் பார்க்கிற பெரிய லென்ஸைப் பொருத்திக் கொடுத்தேன். அவர் கண்ணை வைத்ததும் முகம் மலர்ந்தது. கண் வைக்கும் குழாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். கிருமி கறுப்பாக இருக்கிறது, உயிரோடு இருக்கிறது, வட்டமடிக்கிறது என்றார்.

சாயம் ஏற்றிய சில்லில் உயிரோடு இருக்க எதற்கும் வழியில்லை. குழாயைத் திருகும்போது கூடவே சுற்றுவது, குழாயின் கண்ணாடியில் ஒட்டிய தூசி. கருவியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டியவன் நான். சொன்னால் எனக்குத் திட்டு, அவருக்கு அவமானம். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டேன். அவர் என் தோளில் தட்டினார்: "இவ்வளவு துடியான கிருமியை நான் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. கருவியை நன்றாக வைத்திருக்கிறீர்."

எந்தக் கண்ணை மூடுவது

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பண்ணையில், முதல்நாள் ஏர் இழுத்த எருது விடிவதற்குள் செத்துக் கிடந்தது. மூக்கில் வழிந்த ரத்தம் உறையவே இல்லை. எனக்குச் சந்தேகம் அடைப்பான் மேல், இங்கிலீஷ் புத்தகத்தில் ஆந்த்ராக்ஸ் என்கிற நோய். அது மாட்டோடு நிற்காது. அறுத்தவனையும் தின்றவனையும் பிடிக்கும். காதைக் கீறி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, வண்டிப் பலகையிலேயே மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். நீலச் சாயத்தில், முனை வெட்டினாற்போலக் குச்சி குச்சியாகக் கிருமிகள் வரிசையில் கிடந்தன. உரிக்கக்கூடாது, தோலோடு ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவேண்டும் என்றேன்.

பண்ணைக்காரர் பழனியப்பன் ஒப்பவில்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பறிக்கு அந்தத் தோலைத்தான் நம்பியிருந்தார். நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்று குனிந்தார். குழாயில் வைத்த கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெளியே இருந்த கண்ணால் உற்றுப் பார்த்தார். நிமிர்ந்து தீர்ப்புச் சொன்னார்: "அதுல ஒண்ணுமே இல்லீங்க. நீங்க மட்டுந்தான் தெரியறீங்க."

மாரப்பன் பார்த்தது

செத்த மாட்டை எடுக்க வந்திருந்தவர் மாரப்பன். ஊர் வழக்கப்படி தோலை உரித்துப் பறி தைத்துக் கொடுப்பது அவர் வேலை. இறைச்சி அவர் வீட்டுக்கு. தானும் பார்க்கலாமா என்று கேட்டார். சரியான கண்ணை மூடினார், சரியாகவே பார்த்தார். "குச்சிதான் கெடக்குதுங்க. இந்தக் குச்சிக்குப் பயந்து புதைக்கோணும்னா, அதை எம் பொண்டாட்டிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்றார். உரிக்க வேண்டிய அவரே குழி வெட்டியதும் பழனியப்பனும் தோலை விட்டுவிட்டார். மற்ற மாடுகளுக்கு நான் ஊசி போட்டேன். அந்தப் பண்ணையில் அப்புறம் ஒன்றும் சாகவில்லை.

சொன்னபடி அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் உலை வைத்துவிட்டு, இறைச்சிக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. தின்றிருந்தால் குடும்பமே போயிருக்கும் என்று என்னால் முடிந்தவரை விளக்கினேன். குழந்தைகள் இரண்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் அம்மியிலிருந்து மிளகாயை வழித்துத் தனியே எடுத்து வைத்தாள். நான் சொன்னதை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். கோபமே இல்லாமல் சொன்னாள்: "அடுத்த தரம் மாடு செத்தா, நீங்க கொஞ்சம் மெதுவாவே வாங்க சாமி."

எதை வைத்தாலும் பெரிதாக்கிக் காட்டிய அந்தக் கருவி, அத்தனை வருஷத்தில் பெரிதாக்காமல் விட்டது அதைத் தூக்கிக்கொண்டு போனவனை மட்டும்தான்.