ராஜாவின் படையும் எட்டாம் வாய்ப்பாடும்

தேயிலை விலை விழுந்த வருடங்களில் நீலகிரியில் நெல்லியாளத்துக்கு மேலே ஒரு எஸ்டேட் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. ஐந்து வகுப்பும் எங்கள் இருவர் தலையில். பிள்ளைகள் பெரும்பாலும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஃபேக்டரி வாரத்துக்கு இரண்டு நாள் ஓடினாலே பெரிய விஷயம் என்று ஆகிவிட்டிருந்தது. திங்கட்கிழமை தோறும் வகுப்பில் இரண்டு மூன்று முகங்கள் குறையும். கேட்டால், குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகப் பக்கத்துப் பிள்ளை சொல்லும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் கீழேயிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். உச்சி வெயிலில் குரங்குக் குல்லாயோடு ஜீப்பை விட்டு இறங்கிய அந்த மனிதரைப் பார்த்த உடனேயே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. வரலாற்றோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பெருக்கல் பிள்ளைகளுக்கு ஆயுசுக்கும் மறக்காது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கையோடு ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். உள்ளே ஜிகினா ஒட்டிய கிரீடம், காகித வாள்கள், யானைப் படங்கள்.

"ராஜா படையெடுத்துப் போறார். ஒரு வரிசைக்கு எட்டு சிப்பாய், ஆறு வரிசை. பிள்ளைகளே படையா நிக்கணும், மேடம். அப்பத்தான் கணக்கு உடம்புல ஏறும்."

எங்கள் பிள்ளைகளின் உடம்பில் ஏறுவது அட்டைப்பூச்சி மட்டும்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு, "நீங்க எந்த வகுப்புக்குப் பாடம் எடுத்திருக்கீங்க சார்?" என்று கேட்டேன்.

"நான் ஆசிரியர்களுக்குத்தான் எடுக்கிறேன்" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

அன்று அவரே ஒரு பாடம் நடத்திக் காட்டினார். ராஜா கடல் தாண்டி இலங்கைக்குப் போகிறார். ஏழு கப்பல், கப்பலுக்கு எட்டுப் பேர். மூன்றாம் வகுப்பில் ஒல்லியாக ஒரு பெண் இருந்தாள். எதையும் கேட்காமல் விடமாட்டாள். அவள் எழுந்து, "எங்க தாத்தாவும் கப்பல்லதான் சார் வந்தாரு. அங்கருந்து இங்க" என்றாள்.

"அது வேறம்மா. இது வரலாறு" என்றார் அவர்.

தலைமையாசிரியர் பெரிய நகைச்சுவையைக் கேட்டதுபோல் சிரித்தார். அவள் உட்காரவில்லை. "போனவங்க எல்லாரும் திரும்பி வந்தாங்களா சார்?"

"ஜெயிச்சிட்டு வந்தாங்க. உட்காரு."

அடுத்த ஆறு மாதமும் அந்தப் பெட்டிதான் எங்கள் கணக்குப் பாடம். வாய்ப்பாட்டை உட்காரவைத்துச் சொல்லவைப்பது பழைய முறை என்று சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகள் வாளைச் சுழற்றினார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள், கிரீடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். பெருக்கல் மட்டும் நடக்கவில்லை.

பிறகு, மேலதிகாரிகள் நேரில் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. பதிவேட்டில் நாற்பத்தெட்டுப் பேர். அதை நம்பித்தான் பயிற்சியாளர் ஆறெட்டுப் படையைத் திட்டமிட்டிருந்தார். அன்று காலை வந்திருந்தது இருபத்தொன்பது பேர். தலைமையாசிரியர் என்னிடம் ஓடிவந்தார்.

"ஏனுங்க டீச்சர், பால்வாடிப் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து நிறுத்துனா ஆகாதுங்களா?"

கூட்டிவந்தார். பன்னிரண்டு குழந்தைகள். ஒன்று யானை வரிசையிலேயே சிறுநீர் கழித்துவிட்டு அழத் தொடங்கியது. அப்போதும் ஏழு சிப்பாய்கள் குறைந்தார்கள். போட்டோ எடுப்பவரைக் கடைசி வரிசை தெரியாத கோணத்தில் நிறுத்தினார்கள். அதிகாரிகள் கை தட்டினார்கள், டீ குடித்தார்கள், வடையைப் பாராட்டினார்கள். மற்றப் பிள்ளைகள் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அறிக்கையில் நாற்பத்தெட்டு மாணவர்கள் பங்கேற்றதாக எழுதியிருந்தது. தலைமையாசிரியருக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

அவர்களைவிட நான் உசத்தி என்று நிரூபிக்கும் ஆசை எனக்கு. ராஜா எதற்கு, இவர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயமே வரலாறுதானே என்று நினைத்தேன். மறுவாரம், "வெள்ளைக்காரத் துரை காலத்துல இங்க அஞ்சு லயம் கட்டினாங்க. ஒரு லயத்துக்குப் பத்து வீடு. மொத்தம் எத்தனை குடும்பம்?" என்று கேட்டேன். எவ்வளவு அருமையான கேள்வி என்று எனக்கே பூரிப்பு.

அந்த ஒல்லிப் பெண் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். "பதினேழு, டீச்சர்."

"ஐம்பதுல்ல வரணும்?"

"எங்க லயத்துல நாலு வீடுதான் டீச்சர் தெறந்திருக்கு. மேல் லயத்துல ஒண்ணுமே இல்ல."

மற்றவர்களும் ஆளுக்கொரு பூட்டிய வீட்டைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு சின்னப் பையன் விசும்பினான்; அவனுடைய கூட்டாளியின் வீடும் அதில் ஒன்று. நான் கரும்பலகையை அழித்தேன். குரங்குக் குல்லாய் போட்டவருக்கும் எனக்கும் அப்படியொன்றும் வித்தியாசம் இருந்ததாகத் தெரியவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் காலை அந்தப் பெண்ணின் அம்மா டி.சி. வாங்க வந்தாள். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள், இரண்டு மூட்டைகள், கூடவே மகள்.

"பதினோரு மணி பஸ்ஸப் புடிக்கணும் டீச்சர். திருப்பூர்ல பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப வாய்ப்பாடு கேப்பாங்களாம். எட்டு வரைக்கும் தெரியணுமாம்." மகளைத் திரும்பிப் பார்த்து, "சொல்லு புள்ள, டீச்சரும் கேக்கட்டும்" என்றாள்.

"ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்துநாலு..." ஐயெட்டு நாற்பது வரை வந்து நின்றாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் ராஜா வருவாரு, டீச்சர்."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குத்தலே இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். "இத்தன நாளா இதத்தான் படிச்சுச்சுங்களா?"

தலைமையாசிரியர் உள்ளே டி.சி. எழுதி முடிப்பதற்குள் மகளை வாசல்படியில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். கிரீடம் இல்லை, கப்பல் இல்லை. ஆறெட்டு நாற்பத்தெட்டு. ஏழெட்டு ஐம்பத்தாறு. நான் சொல்ல அவள் சொன்னாள். நான்காவது தடவை தடங்கலில்லாமல் முழுவதும் சொல்லி முடித்தாள். அதற்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மாவின் முகம் மலர்ந்தது. மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க டீச்சர். உங்க புண்ணியத்துல புள்ள படிச்சிருச்சு" என்றாள்.

வாங்கிக்கொள்ளத் தகுதியில்லாத நன்றி. இருந்தும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன்.